பெயர் எம்பி3, உள்ளே வேறு: சின்ன பிளேயரில் பாடாத ஃபைல்கள்

கேள்வி சுருக்கமாக இது. வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் இரவில் வயல் காவலுக்குப் போகும் ஐயாவுக்கு, ஸ்பீக்கரும் இயர்போன் ஓட்டையும் உள்ள சின்ன பிளேயர் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். கொட்டிலில் கவரேஜ் இல்லை, ஆகவே எல்லாம் 64 ஜிபி சிப்பிலேயே (மெமரி கார்டிலேயே) இருக்க வேண்டும். கனடாவில் இருந்து அண்ணா அனுப்பிய பாட்டுகளில் பாதி 'ஃபோர்மட் எரர்' என்று காட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகள் பட்டியலிலேயே இல்லை. ஊர்க் கூத்துப் பதிவு இயர்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. பழைய போனில் எடுத்த அம்மம்மாவின் இரண்டு நிமிடப் பேச்சு, எம்பி3 ஆக்கிப் போட்ட பிறகும் அரை நிமிடத்துக்குள் கீச்சுக் கீச்சென்று முடிந்துவிடுகிறது. பாட்டுப் பெயர்கள் பெட்டி பெட்டியாகத் தெரிகின்றன, ஒழுங்கும் குழம்பிக் கிடக்கிறது. பிளேயர் பழுதா, மாற்றி வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள்.

மாற்றி வாங்க வேண்டாம். சில பாட்டுகள் சரியாகப் பாடுகின்றன என்றால் பிளேயரும் அதன் ஸ்பீக்கரும் சுகமாகத்தான் இருக்கின்றன. நீங்கள் ஒரே வருத்தம் என்று நினைப்பது ஐந்து வெவ்வேறு வருத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றையும் 'ஃபோர்மட்' என்ற ஒரு சொல்லில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றப் போனால் ஒன்று திருந்தும், இன்னொன்று கெடும். அம்மம்மாவின் குரலுக்கு நடந்தது அதுதான்.

தொடங்க முதல், சிப்பில் இருப்பது முழுவதையும் கொம்பியூட்டரில் ஒரு ஃபோல்டருக்குள் அப்படியே கொப்பி பண்ணி வையுங்கள். இனிச் சொல்லும் எல்லா வேலையும் அந்தக் கொப்பியில்தான். வீட்டில் கொம்பியூட்டர் இல்லாவிட்டால் கொமினிகேஷன் கடையில் ஒரு மணித்தியாலம் இருந்து செய்யலாம். ஆனால் சிப்பைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், பக்கத்தில் இருந்து செய்வியுங்கள்.

பிளேயர் ஒரு ஃபைலை எப்படிப் பார்க்கிறது

சின்ன பிளேயர் ஒரு பாட்டைப் பாட முன்னர் வரிசையாகச் சில வாசல்களைத் தாண்டுகிறது. முதலில் சிப் எந்த முறையில் ஃபோர்மட் பண்ணப்பட்டது என்று பார்க்கும். பிறகு ஃபைல் பெயரின் வாலை, அதாவது பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எம்பி3 போன்ற எழுத்துகளை, பார்க்கும். தனக்குத் தெரிந்த வால் இல்லை என்றால் பட்டியலிலேயே காட்டாது. வால் தெரிந்ததென்றால் ஃபைலைத் திறக்கும். திறந்ததும் உள்ளே இருப்பது வாலோடு பொருந்தாவிட்டால் 'ஃபோர்மட் எரர்'. பொருந்தினால், ஒலி எத்தனை கிலோஹேர்ட்ஸில் எடுக்கப்பட்டது என்று பார்த்துத் தன் வேகத்தை அதற்கு அமைக்க வேண்டும். இந்த இடத்தில் தவறினால் பாடும், ஆனால் வேகம் பிழைக்கும். கடைசியாக இடது, வலது என்ற இரண்டு பக்க ஒலியையும் ஒரே ஸ்பீக்கருக்காக ஒன்றாகக் கூட்டும்.

இந்த வரிசையில் உங்கள் குறைகளை வைத்துப் பாருங்கள். வட்ஸ்அப் குரல் வால் பார்க்கும் வாசலிலேயே நின்றுவிட்டது. அண்ணாவின் பாட்டு திறந்து பார்க்கும் இடத்தில் நின்றது. அம்மம்மாவின் பேச்சு வேகத்தில் தவறியது. கூத்து கடைசியில், இரண்டு பக்கத்தையும் கூட்டும் இடத்தில் காணாமல் போனது.

'போனில் எல்லாம் பாடுகிறதே' என்று பலரும் கேட்பார்கள். போன் வாலை நம்புவதில்லை, உள்ளே இருப்பதைப் பார்த்துப் பாடும். அதோடு பத்துப் பதினைந்து வகை ஒலியை அவிழ்க்கும் மென்பொருள் அதில் இருக்கிறது. சின்ன பிளேயரில் இரண்டு மூன்று வகைக்குத்தான் இடம். ஆகவே போனில் பாடுவது, பிளேயரிலும் பாடும் என்பதற்குச் சாட்சி அல்ல.

அண்ணாவின் பாட்டுகள்

பெரும்பாலும் இவை யூரியூபில் இருந்து இறக்கப்பட்டவை. அங்கிருந்து வரும் ஒலி எம்4ஏ என்ற பெட்டிக்குள் ஏஏசி வகையாகவோ, வெப்எம் பெட்டிக்குள் ஓபஸ் வகையாகவோதான் இருக்கும், எம்பி3 ஆக இருக்காது. சில இறக்கும் தளங்களும் செயலிகளும் அதை மாற்றாமல், பெயரின் வாலை மட்டும் எம்பி3 என்று எழுதித் தந்துவிடும். சிலர் தாங்களே பெயரை மாற்றிவிட்டு 'எம்பி3 ஆக்கிவிட்டேன்' என்று அனுப்புவார்கள். உழுந்துச் சாக்கில் பயறு என்று எழுதிவிட்டால் உள்ளே இருப்பது பயறாகிவிடாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இரண்டு வழி. முதல் வழி, கொம்பியூட்டரில் போடும் விஎல்சி பிளேயர் என்ற இலவச மென்பொருள். பாட்டைத் திறந்து கண்ட்ரோலையும் ஜே எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கிய வகை, என்ற வரியைப் பாருங்கள். எம்பி3 என்றால் 'எம்பெக் ஓடியோ லேயர்' என்ற மாதிரி வரும். ஏஏசி, ஓபஸ், வோர்பிஸ், ஃபிளாக் என்று வந்தால் வால் பொய் சொல்கிறது. அதே பெட்டியில் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை துணுக்கு), பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா), சனல் எண்ணிக்கை (மொனோ 1, ஸ்டீரியோ 2) என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இரண்டாவது வழிக்கு எந்த மென்பொருளும் வேண்டாம். ஃபைலின் மேல் வலது பக்கம் சொடுக்கி நோட்பேடில் திறவுங்கள். குப்பையாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். முதல் வரியின் தொடக்கத்தை மட்டும் பாருங்கள். ஐ-டி-3 என்று தொடங்கினால் அநேகமாக எம்பி3. சில வெற்று அடையாளங்களுக்குப் பின் எஃப்-ரி-வை-பி என்ற நாலு எழுத்து தெரிந்தால் அது எம்4ஏ அல்லது எம்பி4. ஓ-ஜீ-ஜீ-எஸ் என்றால் ஓக் பெட்டி, கொஞ்சம் தள்ளி 'ஓபஸ்ஹெட்' என்ற சொல்லும் இருந்தால் ஓபஸ். ஆர்-ஐ-எஃப்-எஃப் என்றால் வேவ். எஃப்-எல்-ஏ-சி என்றால் ஃபிளாக். ஹாஷ் (#) குறியும் ஆச்சரியக்குறியும் வந்து ஏ-எம்-ஆர் என்று இருந்தால் பழைய போன் பதிவு. சில எம்பி3 ஃபைல்களுக்குத் தலைப்பே இருக்காது, அவை நேரே குப்பையாகத் தொடங்கும். பார்த்து முடிந்ததும் சேவ் பண்ணாமல் மூடுங்கள். நோட்பேடில் சேவ் பண்ணினால் பாட்டு அதோடு சரி.

இதோடு சேர்த்து ஒரு சின்ன வேலை. விண்டோஸ் வழமையாகத் தனக்குத் தெரிந்த வால்களை மறைத்துத்தான் காட்டும். 'பாட்டு.எம்பி3' என்று உங்களுக்குத் தெரிவது உண்மையில் 'பாட்டு.எம்பி3.எம்4ஏ' ஆக இருக்கலாம். ஃபோல்டரின் வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதற்கு நேரே சரி போட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இனி மாற்றும் முறை. விஎல்சியில் மீடியா மெனு, கன்வர்ட்/சேவ். அட் என்பதை அழுத்திப் பாட்டைச் சேருங்கள். கீழே கன்வர்ட்/சேவ். புரொஃபைல் என்ற இடத்தில் 'ஓடியோ - எம்பி3'. அதற்குப் பக்கத்தில் உள்ள ஸ்பனர் அடையாளத்தை அழுத்தி, ஓடியோ கோடெக் பக்கத்துக்குப் போய் பிட்ரேட் 128, சனல் 2, சாம்பிள் ரேட் 44100 என்று வையுங்கள். சேமிக்கும் இடத்தைக் காட்டும்போது ஃபைல் பெயரை வால் எம்பி3 என்று முடியும்படி நீங்களே எழுதுங்கள். ஸ்டார்ட் அழுத்தினால் நேரக் கோடு ஓடி முடியும் வரை பொறுங்கள். இடையில் நிறுத்தினால் அரைப் பாட்டுத்தான் கிடைக்கும். ஒரேயடியாகப் பல பாட்டுகளைச் சேர்த்தும் மாற்றலாம், அப்போது பெயருக்குப் பின்னால் 'கன்வர்டட்' என்று ஒட்டிக்கொண்டு வரும். நூற்றுக்கணக்கில் இருந்தால் ஃபூபார்2000 என்ற மென்பொருள் சுகம்.

எல்லாப் பாட்டையும் மாற்றுவதற்கு முன்னர் ஐந்தை மட்டும் மாற்றி, சிப்பில் 'சோதனை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, பிளேயரில் கேட்டுப் பாருங்கள். முன்னே பின்னே ஓடவிட்டும் பாருங்கள். சரி என்றால் மிச்சத்தைச் செய்யுங்கள்.

128 காணுமா என்றால், அந்தச் சின்ன ஸ்பீக்கருக்குத் தாராளமாகக் காணும். ஒரு நிமிடத்துக்கு ஒரு எம்பிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். ஐயா இயர்போனில் கேட்பவர் என்றால் 192 வையுங்கள், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை எம்பி. 320 வைப்பதால் பலன் இல்லை. மூலமே 128 ஏஏசி என்றால் அதில் இல்லாததை 320 கொண்டுவந்து சேர்க்காது. '320 எம்பி3' என்று ஆசை காட்டும் இறக்கும் தளங்கள் எல்லாம் அதே ஒலியை ஊதிப் பெருப்பித்துத் தருபவைதான். இன்னொன்று: பிட்ரேட் மாறிக்கொண்டே போகும் விபிஆர் முறையைத் தவிருங்கள். அந்த ஃபைல்களில் மலிந்த பிளேயர்கள் நேரத்தைப் பிழையாகக் காட்டும், முன்னே தள்ளினால் வேறெங்கோ போய் நிற்கும்.

வட்ஸ்அப் குரல்

இவற்றின் வால் ஓபஸ். 2012இல் தரமாக்கப்பட்ட வகை. குறைந்த டேட்டாவில் பேச்சைத் தெளிவாகக் கொடுப்பதற்கு இதை விட நல்லது குறைவு. ஆனால் மலிந்த பிளேயரின் பட்டியலில் இதற்கு இடமில்லை. அன்ட்ரொயிட் போனில் ஃபைல் மனேஜரைத் திறந்து, அன்ட்ரொயிட், மீடியா, அதற்குள் வட்ஸ்அப்பின் ஃபோல்டர், மீடியா, 'வொய்ஸ் நோட்ஸ்' என்று உள்ளே போனால் ஆண்டும் வார எண்ணும் சேர்ந்த பெயரில் வாரத்துக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் பி-ரி-ரி என்று தொடங்கி, திகதி போட்டபடி ஒவ்வொரு குரலும் இருக்கும். வேண்டியதை எடுத்து மேலே சொன்ன அதே முறையில் மாற்றுங்கள். பேச்சுத்தானே என்று 64 வைத்தாலும் போதும், ஆனால் சாம்பிள் ரேட் 44100 என்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம். காரணம் அடுத்ததில்.

அம்மம்மாவின் பேச்சு

பழைய பட்டன் போன்கள் பேச்சை ஏஎம்ஆர் வகையில், நொடிக்கு 8000 துணுக்காக, அதாவது 8 கிலோஹேர்ட்ஸில் எடுத்தன. தொலைபேசிப் பேச்சுக்கு வகுத்த அளவு அது. நீங்கள் போனில் உள்ள ஏதோ ஒரு செயலியால் எம்பி3 ஆக்கியபோது, அது அந்த 8 கிலோஹேர்ட்ஸை அப்படியே வைத்துக்கொண்டு ஆக்கியிருக்கிறது.

எம்பி3 என்ற பெயருக்குள் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. 32, 44.1, 48 கிலோஹேர்ட்ஸ் முதல் குடும்பம். 16, 22.05, 24 இரண்டாவது. 8, 11.025, 12 என்ற மூன்றாவது குடும்பம் சர்வதேசத் தரத்தில் இல்லாத, பின்னர் ஒட்டவைத்த நீட்சி. முதல் குடும்பத்தை எல்லாப் பிளேயரும் பாடும். மற்ற இரண்டில்தான் சறுக்கும். அவிழ்க்கத் தெரிந்தாலும், ஒலியை வெளியே விடும் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் தன் வழமையான வேகத்திலேயே விட்டுவிடும். 22.05இல் எடுத்ததை 44.1இல் விட்டால் சரியாக இரண்டு மடங்கு வேகம். 8இல் எடுத்ததை 44.1இல் விட்டால் ஐந்து மடங்குக்கு மேல். இரண்டு நிமிடப் பேச்சு அரை நிமிடத்துக்குள் கீச்சென்று முடிவதன் கணக்கு இதுதான்.

ஆக, குரல் கெடவில்லை. மூல ஏஎம்ஆர் ஃபைல் இருக்கிறதா என்று தேடி, அதில் இருந்து மறுபடியும் மாற்றுங்கள், இந்த முறை சாம்பிள் ரேட் 44100 என்று கட்டாயம் குறிப்பிட்டு. மூலம் கிடைக்காவிட்டால் கீச்சென்று ஓடும் அந்த எம்பி3 ஃபைலையே விஎல்சியில் போட்டுப் பாருங்கள். அங்கே சரியான வேகத்தில் பேசும். அதை 44100க்கு மாற்றினாலும் பிளேயரில் சரிவரும். பேச்சு முன்னையதை விடத் தெளிவாகாது, ஏனென்றால் 4 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி மூலத்திலேயே இல்லை. ஆனால் அவர் பேசிய வேகத்தில், அவர் குரலில் கேட்கும்.

கூத்துப் பதிவு: இயர்போனில் இருக்கிறது, ஸ்பீக்கரில் இல்லை

உங்கள் கேள்வியில் மிக முக்கியமானது இது. கோயில் திருவிழா, கூத்து, பொங்கல் என்று வன்னியில் எடுக்கப்படும் பதிவுகளில் இந்தப் பழுது வரக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ஃபைல் பழுதென்று நினைத்து அழித்துவிடக் கூடாது. ஃபைல் முழுசாக இருக்கிறது.

ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரில் இருந்து வெளியே வரும் பெரிய மூன்று பின் செருகியில், ஒரே ஒலி இரண்டு கம்பியில் வரும். இரண்டாம் பின்னில் நேராக, மூன்றாம் பின்னில் தலைகீழாக. முதலாம் பின் நிலம் (கிரவுண்ட்). நீண்ட வயரில் பிடிக்கும் இரைச்சலை மறுமுனையில் கழித்துவிடுவதற்கான ஏற்பாடு அது. அதில் இருந்து ஒரு வயரைச் சின்ன ஸ்டீரியோச் செருகியாக்கி ரெக்கோர்டரில் போட்டால், ரெக்கோர்டர் இரண்டு கம்பியையும் இடது, வலது என்று எடுத்துக்கொள்கிறது. இடது பக்கம் நேர் ஒலி, வலது பக்கம் அதன் தலைகீழ். இயர்போனில் ஒவ்வொரு காதுக்கும் ஒவ்வொன்று போவதால் கேட்கும், ஆனால் தலைக்குள் ஏதோ வெறுமையாக, குரல் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பிடிபடாமல் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கருக்காகப் பிளேயர் இரண்டையும் கூட்டும்போது ஒன்றை ஒன்று கழித்துப் பூச்சியம். நேரம் ஓடும், சத்தம் வராது. இரண்டு பக்கத்திலும் வேறு வேறு மைக் கொஞ்சம் கலந்திருந்தால் குரல் மட்டும் மறைந்து மத்தளம் தூரத்தில் கேட்பதும் உண்டு.

உறுதிப்படுத்த, ஓடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் ஃபைலைத் திறவுங்கள். மேலே ஒரு அலை, கீழே ஒரு அலை தெரியும். ஒரு சத்தமான இடத்தை, ஒரு மத்தள அடியை எடுத்து, அலையின் ஒவ்வொரு வளைவும் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். மேல் அலை எழும்பும் இடத்தில் கீழ் அலை இறங்கினால், குளத்துத் தண்ணீரில் மரத்தின் நிழல் விழுந்தது போல இருந்தால், பழுது இதுதான்.

திருத்தம் இரண்டு நிமிட வேலை. ட்ரக்கின் இடது பக்கப் பெயரை அழுத்தி வரும் மெனுவில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மொனோ' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டு தனி அலையாகப் பிரியும். கீழே உள்ளதை அழித்துவிடுங்கள். மிஞ்சியதை எம்பி3 ஆக எக்ஸ்போர்ட் பண்ணுங்கள்: மொனோ, 44100, கொன்ஸ்டன்ட் (மாறாத பிட்ரேட்) 96. அவசரத்தில் 'மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மொனோ' என்பதை அழுத்திவிடாதீர்கள். அது பிளேயர் செய்த அதே கூட்டலைச் செய்து வெறும் அமைதியை ஃபைலாக்கித் தரும்.

விடிய விடிய நடக்கும் கூத்து என்றால் வேறு இரண்டு விடயமும் கவனிக்க வேண்டும். வேவ் ஃபைலில் அளவை எழுதும் இடம் 4 ஜிபிக்கு மேல் எண்ணாது. எஃப்ஏரி32 என்ற முறையில் ஃபோர்மட் பண்ணிய சிப்பும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலை ஏற்காது. சீடித் தரத்தில், அதாவது 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி. 6 மணி 45 நிமிடத்தில் 4 ஜிபி நிரம்பிவிடும். நல்ல ரெக்கோர்டர் அந்த இடத்தில் தானாகவே அடுத்த ஃபைலைத் தொடங்கும், மலிந்தது பேசாமல் நின்றுவிடும். இரவு பத்துக்குத் தொடங்கியவர்களுக்கு விடியற்காலை ஐந்து மணிக் காட்சி இல்லாமல் போவது இதனால்தான். நடு இரவில் ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்கினால் போதும்.

மற்றது, எட்டு மணித்தியாலத்தை ஒரே எம்பி3 ஆக ஐயாவிடம் கொடுக்க வேண்டாம். விட்ட இடத்தை நினைவில் வைக்காத பிளேயரில், இரவு ஒரு யானை வெடிக்கு எழும்பிப் போய்த் திரும்பினால் முதலில் இருந்து தேட வேண்டும். அரை மணித்தியாலத் துண்டுகளாக, இயன்றால் ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுப் பாட்டும் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். ஓடாசிட்டியில் வெட்டும் இடங்களுக்கு லேபல் போட்டு 'எக்ஸ்போர்ட் மல்டிபிள்' (புதிய பதிப்புகளில் 'எக்ஸ்போர்ட் ஓடியோ' பெட்டிக்குள் 'மல்டிபிள் ஃபைல்ஸ்') கொடுத்தால் எல்லாத் துண்டும் ஒரேயடியாக வரும். 96 மொனோவில் அரை மணித்தியாலம் ஏறத்தாழ 22 எம்பி. முழு இரவும் 350 எம்பிக்குள் அடங்கும்.

அடுத்த முறை பதிவு எடுக்கும்போது ஒலிபெருக்கிக்காரரிடம் 'ரெக் அவுட்' என்று எழுதிய இரட்டைச் செருகியில் இருந்து எடுத்துத் தரும்படி கேளுங்கள். அது இல்லாவிட்டால் வயரில் இரண்டாம் பின்னையும் நிலத்தையும் மட்டும் பயன்படுத்தினால் போதும். மூன்றாம் பின்னை ரெக்கோர்டருக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. ஸ்பீக்கரில் சரியாகக் கேட்டு, இயர்போனில் மட்டும் பாடகரின் குரல் மறைந்து பின்னணி இசை எதிரொலியோடு கேட்டால், ஃபைலைத் தொடாதீர்கள். அது செருகி. மைக் உள்ள போன் இயர்போனின் செருகியில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். சில பிளேயர்களின் ஓட்டையில் அது முழுக்க இறங்கினால் நிலக் கம்பி பிடிக்காது. இரண்டு வளையம் உள்ள சாதாரண இயர்போனைப் போட்டால் தீரும்.

பெயரும் ஒழுங்கும்

பெட்டி பெட்டியாகத் தெரிவது பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லாததால். அதை நீங்கள் திருத்த முடியாது.  சின்ன பிளேயர் செய்பவர்கள் தமிழை எண்ணிப் பார்ப்பதே குறைவு. சில பெயர்கள் பெட்டியாகத் தெரியாமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பமாகத் தெரிந்தால், அவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. பாமினியில் புள்ளிக்குப் பதில் நிற்பதுதான் அந்த அரைப்புள்ளி. கொம்பியூட்டரில் யுனிகோடுக்கு மாற்றினால் உங்களுக்கு வாசிக்கலாம், பிளேயரில் அப்போதும் பெட்டிதான். ஐயாவுக்கு உதவுவது எண். 001, 002 என்று தொடங்கும் சின்ன ஆங்கிலப் பெயர் வைத்து, பக்திப் பாட்டு, கூத்து, வீட்டுக் குரல் என்று ஃபோல்டரைப் பிரித்து, எந்த எண்ணில் எது என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

ஃபைலுக்கு எண் போட்ட பிறகும் ஒழுங்கு குழம்பினால், ஃபைலுக்குள் எழுதியிருக்கும் ஐடி3 தலைப்பை (பாட்டின் பெயர், எண் போன்ற விபரக் குறிப்பை) பிளேயர் பார்க்கிறது என்று அர்த்தம், அல்லது கொப்பி பண்ணிய ஒழுங்கிலேயே பாடுகிறது. பல மலிந்த பிளேயர்கள் அகர வரிசை பார்ப்பதில்லை, சிப்பின் அட்டவணையில் எது முதல் எழுதப்பட்டதோ அதுதான் முதல். ஃபோல்டரை வெறுமையாக்கி, ஃபைல்களை ஒழுங்காக மறுபடி கொப்பி பண்ணுங்கள், அல்லது ஃபட்சோர்ட் என்ற இலவச மென்பொருளால் அந்த அட்டவணையை அடுக்குங்கள். தலைப்புத்தான் காரணம் என்றால் எம்பி3டாக் மென்பொருளில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து தலைப்பை நீக்கிவிடலாம். நீக்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் பெரிய அட்டைப்படமும் போகும். சில பாட்டுகள் தொடங்கச் சில நொடி தாமதிப்பதற்கும் அந்தப் படம் காரணமாக இருக்கலாம்.

மிச்சம் சில

சீடியில் இருந்து விண்டோஸ் மீடியா பிளேயரால் எடுத்தவை டபிள்யூஎம்ஏ ஆக இருக்கும். பிளேயர் அந்த வகையை ஏற்றாலும், எடுக்கும்போது 'கொப்பி புரொடெக்ட்' போடப்பட்டிருந்தால் பாடாது. சீடி கையில் இருந்தால் எம்பி3 ஆகத் திரும்ப எடுப்பதே சுகம். எம்4பி என்ற வால் உள்ளவை 2009க்கு முன்னர் ஐடியூன்ஸில் வாங்கிய பூட்டுப் போட்ட பாட்டுகள். வாங்கியவரின் கணக்கில்தான் திறக்கும், அண்ணாவிடமே திறந்து தரச் சொல்லுங்கள். ஃபிளாக் பாடும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் 24 பிட் 96 கிலோஹேர்ட்ஸ் ஃபைலில் திக்கும். வேவ் ஃபைலும் 16 பிட் என்றால்தான் நம்பலாம். மக் கொம்பியூட்டரில் கொப்பி பண்ணிய சிப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த குட்டி ஃபைல் ஒன்று மறைந்திருக்கும். பிளேயர் அதையும் பாடப் போய் எரர் காட்டும். மறைந்த ஃபைல்களைக் காட்டவைத்து அவற்றை அழித்துவிடுங்கள்.

சிப்பைப் பற்றியும் ஒன்று. 64 ஜிபி சிப் கடையில் இருந்து எக்ஸ்ஃபட் என்ற முறையில் ஃபோர்மட் பண்ணப்பட்டுத்தான் வரும். உங்கள் பிளேயர் அதைப் படிக்கிறது, நல்லது. படிக்காத பிளேயருக்கு ரூஃபஸ் போன்ற மென்பொருளால் எஃப்ஏரி32 ஆக்க வேண்டும், ஏனென்றால் விண்டோஸின் வழமையான ஃபோர்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் அதைக் காட்டாது. கடைசியாகக் கொப்பி பண்ணியவை மட்டும் பாடவில்லை, அளவு சரியாகக் காட்டியும் உள்ளே வெறுமை என்றால், சிப் 64 ஜிபி என்று பொய் சொல்லும் போலியாக இருக்கலாம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் சிப்பை முழுக்க எழுதி, திரும்ப வாசித்து உண்மையான அளவைச் சொல்லும். இரண்டு மூன்று மணித்தியாலம் எடுக்கும், சிப் காலியாக இருக்க வேண்டும். விலை மலிந்த சிப்பில் பாட்டைப் போடுங்கள், ஒரே ஒரு பிரதியாக உள்ள எதையும் போடாதீர்கள்.

2009இல் இடம்பெயர்ந்து திரிந்ததில் கசெட்டும் அல்பமும் வீட்டோடு போன குடும்பங்களுக்கு, அதற்குப் பிறகு போனில் பிடித்த குரல்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆகவே எம்பி3 ஆக்கிவிட்டோம் என்று மூல ஃபைலை அழிக்க வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் தரம் போகும், போனது திரும்பாது. இனிமேல் பெரியவர்களின் பேச்சை எடுக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். பல போன்கள் எம்4ஏ ஆகப் பதியும்போது அதன் உள்ளடக்க அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவில் பட்டரி இறங்கிப் போன் நின்றால் முழுப் பதிவும் திறக்காது. எம்பி3 அல்லது வேவ் ஆகப் பதியும் செயலியாக இருந்தால் நின்ற இடம் வரைக்கும் அநேகமாக மீட்கலாம். எதுவானாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சேமியுங்கள்.

அம்மம்மாவின் ஏஎம்ஆர் ஃபைல் 200 கேபிக்குள்தான் இருக்கும். அதை இன்றைக்கே அண்ணாவுக்கு அனுப்பிவையுங்கள். வட்ஸ்அப்பில் ஓடியோவாக அல்லாமல் 'டொக்கியுமென்ட்' என்பதை அழுத்தி அனுப்புங்கள், அப்போதுதான் இங்கே இருப்பது மாறாமல் அப்படியே அங்கே போய்ச் சேரும்.